வெளிச்சுவருக்கு எதைப் பூசுவது, எதைச் சுற்றுவது? அலஸ்தோட்டத்து வீட்டுக்கு நான் வாங்கியவை

திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். வெளிச்சுவருக்கு எந்தச் சாமானை வாங்கினாலும் "தண்ணி உள்ளுக்கு வராதா?" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். "சுவருக்குள்ள இருக்கிற ஈரம் இதுக்குள்ளால வெளிய போகுமா?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாத கடையில், அந்தச் சாமானின் விபரத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கட்டடத் தொழில் படித்தவள் இல்லை. ஆனால் என் அம்மாவுக்குத் தொய்வு. நகரத்துக்குள் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் ஒவ்வொரு மாரிக்கும் வடக்குச் சுவரோடு நின்ற அலுமாரியின் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படரும். அதைத் துடைத்துப் பிளீச்சிங் பூசினாலும் தை பிறப்பதற்குள் திரும்ப வந்துவிடும். அம்மாவுடைய இன்ஹேலர் எத்தனை நாளில் முடிகிறது என்பதை வைத்தே சுவரின் நிலைமையைச் சொல்லிவிடலாம். அதனால் அலஸ்தோட்டத்தில் சொந்த வீடு தொடங்கியபோது தரைக்கு என்ன மாபிள் என்பதை என் கணவரிடம் விட்டுவிட்டு, வெளிச்சுவர் முழுவதையும் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். புது வீடு ஒரு மாரியைப் பார்த்துவிட்டது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மழையின் குணம் தெரிந்தால்தான் சாமானைத் தெரிய முடியும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் பெய்துவிடுகிறது. அது நேராக விழுவதும் இல்லை. வாடைக்காற்று அதைக் கொண்டுவந்து வடக்கு, கிழக்குச் சுவர்களில் அறைகிறது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நனைந்தது சுவர்தான், அதுவும் உள்பக்கம். ஆனால் இதே ஊருக்கு வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட சூட்டுக்காற்று மாதக்கணக்கில் நின்று எந்தச் சுவரையும் காயவைத்துவிடும். மாரியில் நனைவது கச்சானில் காயவேண்டும். அப்படிக் காய்வதற்கு வழிவிடுகிற சாமான் நல்ல சாமான், வழியை அடைக்கிற சாமான் எவ்வளவு விலையானாலும் கூடாத சாமான். நான் பார்த்த எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால்தான் அளந்தேன்.

நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் நடந்த பேச்சு இது:

"அக்கா, இது ரப்பர் மாதிரி இழுபடும். மூண்டு கோட்டு அடிச்சா ஒரு சொட்டும் போகாது."

"யன்னல் மூலையால கொஞ்சம் தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது எண்டு வையுங்கோ. அது எப்பிடி வெளிய வரும்?"

"எப்பிடி அக்கா போகும்? அதுதான் அடைச்சிட்டமே."

அந்த வாளியை வாங்காமல் வந்தேன். வெடிக்காத சுவர் என்று ஒன்று இல்லை. கொங்கிறீற் தூணும் புளொக் கல்லும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை, அந்தப் பொருத்தில் மயிரிழை வெடிப்பு வந்தே தீரும். அதனால் கொஞ்சத் தண்ணீராவது உள்ளே போகும் என்று நம்பித்தான் சுவரைத் திட்டமிடவேண்டும்.

பூச்சு, பெயின்ற் எல்லாவற்றுக்கும் முதல் தாவாரத்தைச் சொல்லவேண்டும். உவர்மலையிலும் கோட்டைப் பக்கத்திலும் நிற்கிற பழைய பங்களாக்களைப் பாருங்கள். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், சுற்றிலும் விறாந்தை, சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. மழை சுவரைத் தொடுவதே குறைவு, தொட்டாலும் சுண்ணாம்பு அதைத் திரும்ப விட்டுவிடும். இப்போது படத்துக்கு அழகு என்று கூரையைச் சுவரோடு வெட்டிப் பெட்டி போல வீடு கட்டுகிறோம். எங்கள் படவரைஞரிடம் சண்டைபிடித்து வடக்கிலும் கிழக்கிலும் தாவாரத்தை 3 அடி நீட்டினேன். அதற்குப் போன சீற்றும் மரமும், அதே சுவர்களுக்கு வாங்கிய பெயின்றை விட அதிகம் செலவில்லை. திரும்ப ஒரு வீடு கட்டினாலும் முதல் காசை அதற்குத்தான் போடுவேன்.

அடுத்தது அத்திவாரத்தில் போடுகிற டி.பி.சி., அதாவது நிலத்து ஈரத்தைத் தடுக்கிற படை. எங்கள் மேசன் கிண்ணியாக்காரர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பழைய முறையை விடாதவர்: அத்திவாரச் சுவருக்கு மேல் 20 மில்லிமீற்றர் சீமெந்துச் சாந்து, அது காய்ந்ததும் சூடாக்கிய தார் இரண்டு பூச்சு, தாரின்மேல் மணல் தூவல். நிலத்து ஈரமும் உப்பும் கல்லின் நுண்துளைகளால் மேலே ஏறுவதை இது தடுக்கிறது. சுருளாக வரும் தார்த்தாளையும் கடையில் காட்டினார்கள். நல்ல சாமான்தான், ஆனால் நானாவின் கைக்குப் பழக்கமான முறையை மாற்றுவதற்குக் காரணம் தெரியவில்லை. தரைக் கொங்கிறீற்றுக்குக் கீழே 1000 கேஜ் பொலித்தீன் விரித்தோம். மண்ணுக்கும் தரைக்கும் இடையில் பொலித்தீன் சரியான இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஈரம் கீழிருந்து மட்டும்தான் வருகிறது. முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, டி.பி.சி. வெளி நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலமாவது உயர்ந்து நிற்கவேண்டும் என்பது. பிறகு முற்றத்துக்குக் கிரவல் போட்டு உயர்த்தி, கல்லும் பதித்து, அந்தத் தார்க்கோட்டைப் புதைத்துவிடுகிற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அப்படிப் புதைத்தால் தார் பூசியும் பயனில்லை.

பூச்சுக்கு நான் பார்த்தது மணலை. கடல்மணல் கலந்தால் உப்பு சுவருக்குள்ளேயே குடியிருக்கும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் வெள்ளையாகப் பூத்துப் பெயின்றைத் தள்ளும். மகாவலி ஆற்றுமணல்தான் எடுப்பித்தேன், சீமெந்து சீனக்குடாவில் செய்கிற டோக்கியோ. கலவையில் ஊற்றுகிற நீர்த்தடைத் திரவமும் சேர்த்தோம், மூட்டைக்கு எவ்வளவு என்று போத்தலில் இருந்த அளவின்படி. அது பூச்சு தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும், வெடிப்பை மூடாது. தூணும் கல்லும் சேருகிற இடங்களில் பூச்சுக்கு முன் கோழி வலை அடித்ததும், பூசிய சுவரை ஒரு கிழமைக்கு மேல் காலை மாலை நனைத்ததும் திரவத்தை விடக் கூடுதலாக உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனிப் பூச்சுக்கு மேல் அடிப்பது. இதில் மூன்று வகை பார்த்தேன்.

ஒன்று, சிலேன் சிலொக்சேன் என்ற நிறமில்லாத திரவம். சுவரில் ஊறி உள்ளே போய்விடும், மேலே தோல் கட்டாது. தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும், ஆவி தடையில்லாமல் போகும். பூசாத செங்கல்லுக்கும் வெறும் பூச்சுக்கும் இதைவிட நல்லது நான் காணவில்லை. குறை, வெடிப்பை இது மூடாது; சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவும் வேண்டும். எங்கள் முன் விறாந்தைச் செங்கல் அரைச்சுவருக்கு இதைத்தான் அடித்தேன், மாரி முடிந்தும் கல் நிறம் மாறவில்லை.

இரண்டாவது, மேலே சொன்ன ரப்பர் வகை. சிறு வெடிப்பை அது இழுத்துப் பிடித்து மூடும் என்பது உண்மை. ஆனால் ஆவி விடுவதில் இந்த வகைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று நிறைய வேறுபாடு. வாளியின் படத்தைப் பார்த்து அது தெரியாது, விபரத்தாளில்தான் தெரியும். ஐரோப்பிய அளவான ஈ.என். 1062ஐப் பின்பற்றுகிற தயாரிப்பென்றால் இரண்டு குறி இருக்கும். டபிள்யூ3 என்றால் மழைத்தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வி1 என்றால் ஆவியைத் தாராளமாக விடும், வி2 நடுத்தரம், வி3 அடைத்துக்கொள்ளும். டபிள்யூ3உம் வி1உம் சேர்ந்திருந்தால் கண்ணை மூடி எடுக்கலாம், டபிள்யூ3உம் வி2உம் என்றாலும் போதும். வி3 என்றால் எங்கள் காலநிலைக்கு வாங்கவேண்டாம்.

மூன்றாவது, சாதாரண வெளிப்புற அக்ரிலிக் பெயின்ற்.

வடக்குக்கும் கிழக்குக்கும் டபிள்யூ3, வி2 உள்ள ரப்பர் வகைப் பூச்சு வாங்கினேன். தெற்குக்கும் மேற்குக்கும் சாதாரண அக்ரிலிக். நாலு பக்கமும் ஒரே வாளியால் அடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, மழை அறைகிற பக்கத்துக்குத்தான் காசு போகவேண்டும். பூச்சுவேலை முடிந்து 4 கிழமையாவது விட்டுத்தான் பெயின்ற் அடிக்கவேண்டும். பச்சைச் சுவரில் அடித்தால் உள்ளே இருக்கிற தண்ணீரும் சீமெந்தின் காரமும் சேர்ந்து கொப்புளம் போடும். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. நான் வாங்கியபோது அந்தப் பூச்சு சாதாரணப் பெயின்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இப்போது மேல்மாடி. இதற்காகத்தான் பலர் என்னிடம் விசாரித்தார்கள். கீழே புளொக் சுவர், மேலே ஒரேயொரு அறை. அத்திவாரத்துக்குப் பாரம் கூடாது என்று அதை ஜி.ஐ. (நாகமுலாம் பூசிய இரும்பு) சட்டத்தில் சீமெந்துப் போட் அடித்துக் கட்டினோம். போட் என்றால் நூறு பொருத்து, ஒவ்வொன்றும் மழைக்கு வாசல். பொருத்துகளைச் சிலிக்கன் போட்டு அடைத்துவிடலாம் என்றார்கள். ரொறன்ரோவில் வீடு கட்டுகிற வேலையில் இருக்கிற என் அண்ணாவிடம் கேட்டேன்.

"பொருத்தை அடைக்கிறத நம்பாத பிள்ளை. வன்கூவர்ல அதைத்தான் செய்தவங்கள்," என்றார்.

1980களின் கடைசியிலும் 1990களிலும் கனடாவின் வன்கூவர் பக்கம் கட்டிய மாடிக் குடியிருப்புகளில் பெருந்தொகையானவை சுவருக்குள் உக்கிப்போயின. தாவாரம் இல்லாத வடிவம், வெளிப்பக்கம் அடைத்துப் பூசிய சுவர், புகுந்த தண்ணீர் வெளியேற வழி இல்லை. முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெற் தலைமையில் 1998இல் விசாரணை ஆணைக்குழுவே வைத்தார்கள். அங்கே கண்ட தீர்வுதான் எங்கள் மேலறைக்கும் பொருந்தியது: வெளி போட்டுக்குப் பின்னால் ஒரு வெற்று இடைவெளி, அதற்குப் பின்னால் தண்ணீரைத் தடுத்து ஆவியை விடுகிற ஒரு துணி. வெளி போட்டைத் தாண்டிய தண்ணீர் துணியில் பட்டு, இடைவெளியால் கீழே வடிந்துவிடும்.

அந்தத் துணிக்காக அண்ணா கப்பல் பெட்டியில் டைவெக் என்பதை அனுப்பினார், 3 அடி அகலச் சுருள். டூபொண்ட் கம்பனியின் தயாரிப்பு, மிக நுண்ணிய பொலித்தீன் நார்களைச் சூட்டில் அழுத்திச் செய்வது. நானா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, கிழிச்சா கிழியுதில்லதான். ஆனா இவ்வளவு மெல்லிசா இருக்கே, மாரிக்கு நிக்குமா?"

ஒரு துண்டை வாளியின் வாயில் குழிவாகக் கட்டித் தண்ணீர் ஊற்றிவைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோதும் கீழே சொட்டு இல்லை. பிறகு கொதிதண்ணீர்க் குவளையின் வாயை இன்னொரு துண்டால் மூடி, மேலே கண்ணாடியைப் பிடித்தேன். கண்ணாடி மங்கியது. பொலித்தீன் தாளால் மூடிப் பிடித்தபோது மங்கவில்லை. அதற்குப் பிறகு நானா இந்தத் துணிக்கு என்னை விடப் பெரிய ஆதரவாளர்.

அமெரிக்க, கனடிய விபரத்தாள்களில் ஆவி விடும் அளவை பேர்ம் என்று எழுதுவார்கள். டைவெக் ஹோம்ராப் 50 பேர்முக்கு மேல். அங்கே சுவருக்கு உள்பக்கம் அடிக்கிற 0.15 மில்லிமீற்றர் பொலித்தீன் 0.06 பேர்ம். இரண்டும் பிளாஸ்ரிக்தான், செய்கிற வேலை நேரெதிர்.

அடித்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சாமான் அடிக்கிற முறையில்தான் வேலை செய்யும். கீழிருந்து மேலே வரவேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் 6 அங்குலம் விழவேண்டும், கூரைக்கு ஓடு அடுக்குகிற ஒழுங்கு. மாறி அடித்தால் துணியே தண்ணீரைச் சுவருக்குள் ஊற்றும். யன்னலுக்கு முதலில் அடிப்பக்கப் பட்டி, பிறகு இரண்டு பக்கம், கடைசியாகத் தலைப்பக்கம். யன்னல் நிலையின் அடியை மட்டும் ஒட்டாமல் விட்டோம், உள்ளே போனது வடிவதற்கு. ஸ்டேப்பிள் ஊசியை நம்பவில்லை. அகலத் தலை வைத்த திருகாணிதான், கடற்காற்றுக்கு நாகமுலாம் நல்லது பார்த்து. ஆவணியில் அடித்தோம்; கச்சான் பின்னேரத்தில் துணியைப் பாய்மரமாக இழுத்துக்கொண்டு போகும் என்பதால் விடியற்காலை தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தோம். வெயிலில் 120 நாளுக்கு மேல் திறந்து கிடக்கக்கூடாது என்பது கம்பனியின் நிபந்தனை. எங்கள் வெயிலுக்கு அந்த எல்லைவரை போகவேண்டாம் என்று உடனேயே சட்டப்பட்டி அடித்து வெளி போட் ஏற்றினோம். கனடாச் சட்டம் கேட்கிற இடைவெளி 10 மில்லிமீற்றர், நாங்கள் 20 விட்டோம். அடியில் பூச்சி ஏறாத வலை.

துணியின் பொருத்துகளுக்கு அதற்கான ஒட்டுப்பட்டியை முழு நீளத்துக்கும் ஒட்டவேண்டும். இது மழைக்கு மட்டுமல்ல, காற்றுக்கும்தான். சுவருக்குள் ஈரத்தைக் கொண்டுபோவதில் கசியும் காற்றுத்தான் பெரிய ஆள். குளிர்தேசத்துக் கணக்கு ஒன்றை அண்ணா காட்டினார்: 4க்கு 8 அடி ஜிப்சம் பலகையால் ஒரு குளிர்காலம் முழுதும் ஊடுருவும் ஆவி ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் தண்ணீர், அதே பலகையில் 1 சதுர அங்குல ஓட்டை இருந்தால் காற்றோடு போவது ஏறத்தாழ 28 லீற்றர். எங்கள் ஊருக்கு எண்கள் வேறு, பாடம் ஒன்றுதான். ஓட்டையை அடைக்காமல் துணிக்கு மட்டும் காசு செலவழிப்பது வீண்.

அண்ணா தன் ஊர் வழக்கப்படி உள்பக்கத்துக்கும் பொலித்தீன் அனுப்பவா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். அங்கே வீட்டுக்குள் சூடு, வெளியே உறைபனி. ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளும், அதனால் உள்பக்கம் தடுக்கிறார்கள். இங்கே வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வைத்தால், 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீர் விடும். ஏ.சி.யை 22இல் போட்ட அறையின் உள்சுவர் அந்த 25ஐ விடக் குளிர். வெளியிலிருந்து வரும் ஆவி உள்பக்கப் பொலித்தீனின் பின்னால் வந்து நின்று, சூடான பிட்டைப் பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் வியர்ப்பது போல வியர்க்கும். உள்சுவரில் எனாமல் அடித்தாலும், வினைல் வோல்பேப்பர் ஒட்டினாலும் இதே கதைதான். அந்த அறைகளுக்குச் சாதாரண எமல்ஷன் மட்டும் அடியுங்கள். ஏ.சி. குழாய் போகிற ஓட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்கவேண்டும், சுற்றி நன்றாக அடைத்திருக்கவேண்டும். அம்மாவின் அறையில் ஏ.சி. 26க்குக் கீழே போவதில்லை, அலுமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் நிற்கின்றன.

மாரி வந்தது. கார்த்திகையில் விட்டுவிட்டு மூன்று நான்கு நாள் பெய்த மழைக்குப் பிறகு உள்சுவர்களில் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு ஓரமும் ஒட்டி இரவு முழுதும் விட்டேன். யாரும் செய்து பார்க்கலாம். காலையில் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து. மேலறையில் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. கீழே வடக்குச் சுவரும் அப்படியே. கிழக்குச் சுவரில் யன்னலுக்குக் கீழே மட்டும் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், யன்னலடிச் சீமெந்துத் தட்டின் அடியில் தண்ணீர் அறுந்து விழுவதற்கான தவாளிப்பு இல்லை. தண்ணீர் தட்டின் அடியால் வழிந்து திரும்பச் சுவருக்கே வருகிறது. நானா வந்து அடியில் கீறல் வெட்டி, பொருத்தையும் அடைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. மார்கழி மழைக்கு அந்த இடமும் காய்ந்திருந்தது. அம்மா தை மாதத்தில் ஒரு இன்ஹேலரை முழு மாதத்துக்கும் பாவித்தா. வாடகை வீட்டில் அப்படி ஒரு தை எங்களுக்கு இருந்ததில்லை.

புளொக் சுவர் மட்டும் உள்ள வீட்டுக்கு டைவெக் தேவையில்லை. நல்ல பூச்சும், ஆவி விடும் பெயின்றும், தாவாரமும் போதும். போட் அல்லது பலகை அடிக்கிற சுவர் என்றால் கட்டாயம் போடுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்களிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் 3 அடி அகலம் என்று சொல்லுங்கள், 9 அடிச் சுருள் கப்பல் பெட்டிக்குள் அடங்காது. ஒட்டுப்பட்டியும் யன்னல் பட்டியும் சுருளோடு வராது, தனியாக வாங்கி அதே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஆனியில் கையில் கிடைக்கிற மாதிரி மாசிக்குள் சொல்லிவிட்டால், கச்சான் நாளிலேயே அடித்து மூடிவிடலாம்.